சும்மா நின்ற வண்டி

கதிர்,

போன வாரம் ஏர்போர்ட் பஸ்ஸுக்காக நாம் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தபோது நீ ஒன்று கேட்டாய். பெட்டியைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, "அப்பா, தனபால் அங்கிள் நம்பர் இருந்தா அனுப்புப்பா. ஃபீல்டுல வேலை கெடச்சத அவருக்குத்தான் மொதல்ல சொல்லணும்" என்றாய். தேடிப் பார்க்கிறேன் என்றேன். உன் அம்மா சட்டென்று பஸ் வருகிற பக்கம் திரும்பிக்கொண்டாள். அதை நீ கவனித்திருக்க மாட்டாய். தேடுவதற்கு ஒன்றும் இல்லை, அந்த நம்பர் என் போனில் அப்படியேதான் இருக்கிறது. தனபால்தான் இல்லை. அவர் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது.

உனக்கு அப்போது பதினாலு வயது. அவர் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு மகள் இருக்கிற ஊரோடு போய்விட்டார், போனையும் மாற்றிவிட்டார் என்று உன்னிடம் சொன்னேன். சொல்லாமல் போய்விட்டாரே என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய். ஒரு நல்ல மனிதர் மேல் அப்படி ஒரு பழியைப் போட்டேன். நீ பெரியவனானதும் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். பத்தாவது பரீட்சை, பி.யு.சி., இன்ஜினியரிங் என்று ஒவ்வொன்றும் எனக்கு ஒரு சாக்காக இருந்தது. இப்போது நீ பாலைவனத்தில் ஒரு எண்ணெய் வயலில் போய் நிற்கிறாய். இனிமேல் சாக்கு இல்லை. முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வராததால் எழுதுகிறேன். உனக்கு அனுப்பிவிட்டு ஒரு பத்திரிகைக்கும் அனுப்பப்போகிறேன், ஏனென்றால் நான் உட்கார்ந்திருந்த மாதிரி மேசைகள் இந்த ஊரில் நிறைய இருக்கின்றன.

என் வேலை என்னவென்று உனக்கு ஒழுங்காக விளக்கியதே இல்லை. நீ சின்ன வகுப்பில் இருந்தபோது, எங்க அப்பா ஆயில் கம்பெனி என்று பெருமையாகச் சொல்லி, கடலை எண்ணெயா நல்லெண்ணெயா என்று பிள்ளைகள் கேட்டுச் சிரித்ததால் அழுதுகொண்டு வந்தாய். உண்மையைச் சொன்னால் நான் அந்த எண்ணெயைக் கண்ணால்கூடப் பார்த்தவனில்லை. பெங்களூர் ஆடுகோடியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஏறி, சில்க் போர்டு சிக்னலில் பாதி ஆயுளைக் கழித்து, ஏசி கட்டிடத்தின் ஐந்தாவது மாடியில் உட்கார்ந்து, எங்கேயோ எடுக்கிற எண்ணெய்க்கு ஆகிற செலவை அளந்துகொண்டிருந்தேன். ஒரு பேரல் எண்ணெயைத் தரைக்கு மேலே கொண்டுவர இந்த மாதம் கையிலிருந்து எவ்வளவு ரொக்கம் போனது? அதுதான் கேள்வி. கிணறு தோண்டிய பழைய செலவு அதில் சேராது. வட்டி சேராது, இயந்திரத் தேய்மானமும் சேராது. டீசல், கரண்ட், கெமிக்கல், சம்பளம், காவல், வண்டி வாடகை, ரிப்பேர், இப்படி அந்த மாதம் நிஜமாகக் கொடுத்த பணம் மட்டும். எல்லாவற்றையும் கூட்டி, எடுத்த பேரலால் வகுத்தால் ஒரு தொகை வரும். அந்தத் தொகையை வைத்துத்தான் எந்த வயல் ஓடவேண்டும், எதை மூடவேண்டும் என்று மேலே முடிவு செய்வார்கள்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. வயலுக்கு வயதாக ஆக எண்ணெய் குறையும், ஆனால் செலவு குறையாது. காவல்காரருக்கு அதே சம்பளம்தான், பம்புக்கு அதே கரண்ட்தான். ஆகவே யாரும் ஒரு தப்பும் செய்யாமலேயே பேரலுக்கான தொகை மாதா மாதம் ஏறிக்கொண்டு போகும். தமிழ் பேசுகிறவன் என்ற ஒரே காரணத்துக்காக, தமிழ்நாட்டுக் கடலோரத்தில் இருந்த அப்படி ஒரு கிழட்டு வயலை என் தலையில் கட்டினார்கள். அந்த வயலின் சூப்பர்வைசர்தான் தனபால்.

எட்டு வருஷம் பேசினோம், ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி கணக்கு முடிக்கவேண்டும். பகலில் நான் கேட்பேன், சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்த பிறகு விட்டுப்போன ஒன்றிரண்டைச் சொல்ல அவர் கூப்பிடுவார். நான் குளித்துக்கொண்டிருந்தால் போனை நீ எடுப்பாய். அவ்வளவுதான், அப்புறம் எனக்கு அந்த போன் கிடைக்காது. "தரைக்கு அடியில எண்ணெ ஏரி மாதிரி இருக்குமா அங்கிள்?" என்று நீ கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஸ்பீக்கரில் அவர் சிரித்தார். "ஏரியெல்லாம் இல்ல தம்பி. செங்கல்ல தண்ணியில ஊறப்போட்டு எடுத்தா உள்ளுக்குள்ள ஈரம் இருக்கும்ல, அது மாதிரி. கல்லுக்குள்ள இருக்கு. கெஞ்சிக் கூத்தாடித்தான் வெளிய வரவைக்கணும்" என்றார். இன்டர்வியூவில் இதே செங்கல் உதாரணத்தைச் சொன்னதாகவும் அவர்கள் தலையாட்டியதாகவும் நீ வந்து சொன்னபோது நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். நீ இந்தப் படிப்பை எடுத்ததற்குக் காரணம் நானில்லை, அவர்.

அந்த வயலில் ஒரு ஆம்புலன்ஸ் நின்றது. வாடகை வண்டி, டிரைவரோடு சேர்த்து. தினமும் காலையில் பத்து நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டு அணைத்துவிடுவார்கள், அவ்வளவுதான் அதற்கு வேலை. அங்கே இருந்தவர்கள் அதற்கு வைத்த பெயர் நிக்கிற வண்டி. என் செலவுப் பட்டியலில் பதினேழாவதாக இருந்தது. ஒரு நாள் என் மேனேஜர் பட்டியலில் அந்த இடத்தில் பேனாவை வைத்து, "இது யாவாக ஓடுத்தே?" என்று கன்னடத்தில் கேட்டார், இது எப்போ ஓடும் என்று. கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் மேலே ஒருவர் பேனாவை வைத்துக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கெட்டிக்காரத்தனத்தைக் காட்டவேண்டுமே! வண்டியின் லாக் புத்தகத்தை வரவழைத்து, எத்தனை மாதமாக அது ஒரு கிலோமீட்டர்கூட ஓடவில்லை என்று நானே கணக்குப் போட்டுக் கொடுத்தேன். பக்கத்தில் இன்னொரு வயல் இருந்தது, நடுவில் ஒரு ரயில்வே கேட். இரண்டுக்கும் சேர்த்து ஒரே வண்டி போதும், ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே நிற்கட்டும் என்று யோசனை சொன்னதும் நான்தான்.

வயலின் சம்மதம் வேண்டும் என்பதால் தனபாலைக் கூப்பிட்டேன். கேட்டதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அது ஓடுறதுக்கு இல்ல சார். நின்னா ஒரு தைரியம், அதுக்குத்தான்" என்றார். "தைரியத்துக்கு எந்தத் தலைப்புல தனபால் செலவு எழுதறது?" என்று நான் தமாஷாகக் கேட்டேன். அவரும் சிரித்தார். "மேல முடிவு பண்ணிட்டாங்கன்னா பரவால்ல சார். சமாளிச்சுக்கலாம்" என்றார். நான் பட்டியலில் வயலின் ஒப்புதல் பெறப்பட்டது என்று எழுதினேன். அவர் பேசாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தை நான் எங்கேயும் எழுதவில்லை. ஒரு பேரலுக்கு எவ்வளவு மிச்சமானது தெரியுமா? நம் தெருமுனை ஓட்டலில் ஒரு காபியை இரண்டு பேர் பை-டூ போட்டுக் குடித்தால் ஒருவர் பங்குக்கு வருமே, அதுகூட வராது. ஆனாலும் மேனேஜர் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். அன்றைக்கு மைசூர் பாக் வாங்கிக்கொண்டு வந்தேன். நீ நாலு துண்டு சாப்பிட்டாய்.

அவர் ஏன் ஒத்துக்கொண்டார் என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன். தொகை இன்னும் கொஞ்சம் ஏறினால் வயலை மூடிவிடுவார்கள், மூடினால் அங்கே இருக்கிற நாற்பது ஐம்பது பேருக்கு வேலை போய்விடும். அந்தத் தொகையைப் போடுகிறவன் போன் செய்து இதைக் குறைக்கலாமா என்று கேட்டால், முடியாது என்று எந்தச் சூப்பர்வைசர் சொல்வார்? நம் ஊர் பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் மூன்றாவதாக ஒருவர் வந்து, "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி", கொஞ்சம் நகருங்கள் என்று இடுப்பால் தள்ளுவார். நாமும் நகர்ந்துகொள்வோம். நகர்ந்தோம் என்பதற்காக இடம் இருந்தது என்று அர்த்தமில்லை. நான் போனில் செய்தது அதைத்தான்.

இதுவரை உன் அம்மாவுக்கும் தெரியும். இனி எழுதப்போவது அவளுக்கும் தெரியாது.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு மாதக் கணக்கு முடிக்கிற நாள். மேலேயிருந்து தந்த அளவைவிடத் தொகை ஒரு துளி கூடுதலாக வந்தது. மீட்டர் காட்டிய எண்ணெய்க்கும் டேங்கில் இருந்த எண்ணெய்க்கும் சின்ன வித்தியாசம் தெரிந்தது. டேங்கில் கொஞ்சம் அதிகமாக இருந்தால் பேரல் கூடும், தொகை இறங்கிவிடும். டேங்கை அளப்பதென்றால் ஆள் அதன் உச்சிக்கு ஏறி, குண்டு கட்டிய அளவுநாடாவை உள்ளே இறக்கிப் பார்க்கவேண்டும். தனபால் காலையிலேயே அளந்து சொல்லியிருந்தார். நான் மறுபடியும் கூப்பிட்டு இன்னொரு தடவை அளக்கச் சொன்னேன். "இங்க செம மழை சார். விட்டதும் ஏறுறேன்" என்றார். "மத்தியானத்துக்குள்ள முடிக்கணும் தனபால், எனக்காக" என்றேன். எனக்காக என்ற அந்த வார்த்தையைச் சொன்னேன் கதிர். "சரி சார், சமாளிச்சுக்கலாம்" என்று வைத்தார்.

வேறு ஆளை அனுப்பியிருக்கலாம். மழையில் இன்னொருத்தரை ஏறச் சொல்ல மனம் வராமல் அவரே ஏறியிருக்கிறார். இறங்கும்போது படியில் கால் வழுக்கிவிட்டது. நான் இங்கே எரிச்சலோடு மூன்று தடவை அவர் போனுக்கு அடித்தேன். மூன்றாவது தடவை வேறு யாரோ எடுத்து, "சார், தனபால் சார் மேலேருந்து விழுந்துட்டார் சார், அப்பறம் பேசுங்க" என்றார். அந்த வாரம் வண்டி பக்கத்து வயலில் நின்றது. கூப்பிட்டதும் கிளம்பி, ரயில்வே கேட்டில் மாட்டி, வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. சீக்கிரம் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாரும் எனக்கு உறுதியாகச் சொல்லவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை.

அன்று மத்தியானம் நான் என்ன செய்தேன் என்று கேள். காலையில் அவர் சொன்ன பழைய அளவையே போட்டுக் கணக்கை முடித்தேன். தொகை அந்த ஒரு துளி கூடுதலாகவே போனது. மேலே ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆக, அவர் இரண்டாவது தடவை ஏறியது எதற்கும் இல்லை. சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் நீ, "அங்கிள் இன்னிக்கு போன் பண்ணலையாப்பா?" என்று கேட்டாய். லீவில் போயிருக்கிறார் என்றேன். முதல் பொய் அதுதான்.

விசாரணை நடந்தது. படி வழுக்கியது காரணம் என்று எழுதினார்கள். வண்டி முறைப்படி ஒப்புதல் பெற்ற ஏற்பாட்டின்படி வேறிடத்தில் இருந்தது என்று ஒரு வரி இருந்தது. ஒப்புதல் வாங்கியவன் பெயர் இல்லை. என் போனைப் பற்றி ஒன்றுமே இல்லை, ஏனென்றால் அதைச் சொல்லவேண்டிய இரண்டு பேரில் ஒருவர் இறந்துவிட்டார், இன்னொருவன் வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாதம் அவர் குடும்பத்துக்குக் கொடுத்த நஷ்டஈடு என் மேசைக்கு வந்தது. மாதா மாதம் வராத செலவு என்பதால் அது பேரல் செலவில் சேராது, தனியாகக் கீழே எழுதவேண்டும். விதி அப்படி, நானே புதிதாக வந்தவர்களுக்குப் பலமுறை சொல்லிக்கொடுத்த விதி. அப்படியே எழுதினேன். அந்த மாதம் அந்த வயலின் தொகை நன்றாக இருந்தது. பக்கத்து மேசைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, பரவாயில்லையே என்றார்.

வண்டியைத் திரும்ப அங்கேயே நிரந்தரமாக நிறுத்திவிட்டார்கள். இந்தத் தடவை அது எப்போ ஓடும் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து வயலையே மூடிவிட்டார்கள், எண்ணெய் தீர்ந்துபோனதால். பேரலுக்கு அரைக் காபி மிச்சம் பிடித்ததால் அது ஒரு நாள்கூட அதிகமாக ஓடவில்லை.

அவர் வீட்டுக்கு நான் போகவில்லை. போகிறேன் போகிறேன் என்று இரண்டு தடவை டிக்கெட் போட்டு இரண்டையும் கேன்சல் செய்தேன். ஒரு ஒன்றாம் தேதி மட்டும் அந்த நம்பருக்கு அடித்தேன். ஒரு பெண் குரல், "யாருங்க பேசறது?" என்றது. அவர் மனைவியாக இருக்கவேண்டும். பின்னால் குக்கர் விசில் கேட்டது. என் பெயரைச் சொன்னால் அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கும், எட்டு வருஷமாக மாதா மாதம் கேட்ட பெயர்தானே. வைத்துவிட்டேன். உன் அம்மா ஒருமுறை என் போனைப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கு இன்னும் இந்த நம்பர வெச்சினு கீறீங்க? அழிச்சுட்டு நிம்மதியா இருங்களேன்" என்றாள். மர்பி டவுனில் பிறந்தவள், மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவாள். எனக்கு அந்தக் குணம் இருந்திருந்தால் தனபால் இன்றைக்கு உன் போனை எடுத்து, "என்ன ஆபீஸர் தம்பி, செங்கல்லப் பிழிய வந்துட்டீங்களா?" என்று கேட்டிருப்பார்.

உன்னை அந்த வேலைக்குப் போகவேண்டாம் என்று ஏன் தடுக்கவில்லை என்று நீ கேட்கலாம். என்ன சொல்லித் தடுப்பேன்? உண்மையைச் சொல்லவேண்டியிருக்கும். அதற்குப் பயந்து உன்னையே அனுப்பிவைத்துவிட்டேன் பார், இந்தப் பாவி. இப்போது போனின் அந்தப் பக்கத்தில் தனபால் இருந்த இடத்தில் நீ இருக்கிறாய். இந்தப் பக்கத்தில், நான் விட்டுவந்த மாதிரி ஒரு நாற்காலியில், என்னைப் போலவே ஒருத்தன் இருப்பான். நன்றாகப் படித்தவன், மரியாதையாகப் பேசுவான், உன் குடும்பத்தை விசாரிப்பான். நீ பெங்களூர்க்காரன் என்று தெரிந்தால் குஷியாகிவிடுவான். பிறகு பட்டியலில் ஏதாவது ஒன்றைக் காட்டி, இது எப்போ ஓடும் என்று கேட்பான். அவன் மேல் கோபப்படாதே. அவன் பட்டியலில் நடந்த விஷயங்களுக்குத்தான் இடம் இருக்கும். நடக்காமல் தடுத்த விஷயத்தை எழுத அங்கே இடம் கிடையாது. அதை நீதான் வாயைத் திறந்து சொல்லவேண்டும். எனக்காக என்று அவன் சொன்னாலும் மழையில் ஏறாதே. இதையெல்லாம் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று தெரியவில்லை. அப்பன் என்பதைத் தவிர வேறு தகுதி இல்லை.

படித்து முடித்ததும் நீ என்னோடு பேசாமல் இருந்தால் புரிந்துகொள்வேன். தனபால் வீட்டு நம்பரை இந்தக் கடிதத்துக்குப் பின்னால் எழுதியிருக்கிறேன், அது உன் பிரதியில் மட்டும்தான் இருக்கும். அவர் மனைவியிடம் நீ என்ன சொல்லவேண்டும் என்று தோன்றுகிறதோ சொல். என் பெயரைச் சொல்லிவிட்டுச் சொல். அதற்கு முன்னால் நானே போய்ப் பார்த்துவிடவேண்டும் என்று இந்த மாதக் கடைசிக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். உன் அம்மாவும் கூட வருகிறாள், அதனால் இந்தத் தடவை கேன்சல் செய்ய முடியாது.

இவ்வளவு வருஷம் எழுதாதவன் ஏன் இன்றைக்கு உட்கார்ந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். முந்தாநாள் நீ போனில் சாப்பாடு பற்றியும் வெயில் பற்றியும் கதை கதையாகச் சொன்னாய். நான் நடுவில் புகுந்து, அங்கே ஆம்புலன்ஸ் எங்கே நிற்கிறது என்று கேட்டேன். உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதெல்லாம் டவுன்லேருந்து வரும்னு நெனைக்கிறேம்பா. நீ டென்ஷன் ஆகாத, சமாளிச்சுக்கலாம்" என்றாய். அதே வார்த்தை, அதே சிரிப்பு. அவரிடம் போனில் பேசிப் பேசி நீ அதையும் கற்றுக்கொண்டிருக்கிறாய். நான் போனை வைத்துவிட்டுப் பேப்பரை எடுத்தேன்.

கதிர், இதைப் படித்ததும் வெளியே போய்ப் பார். வண்டி நிற்கிறதா இல்லையா என்று உன் கண்ணால் பார்த்துவிட்டு எனக்கு போன் பண்ணு. நிற்கிறது என்று சொல், இல்லை என்று சொல். இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லடா.

அப்பா